சாம்பல் கோட்டைத் திரும்பப் போட்டவனுக்கு

மகனே,

'அன்புள்ள' என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை கை வரவில்லை. அன்பு போய்விட்டதோ என்று பதற வேண்டாம், பெற்றவளுக்கு அது எங்கே போய்விடும்? ஆனால் அந்தச் சொல்லை மேலே அலங்காரமாக வைத்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து உன்னைத் திட்டுவது எனக்கே நாடகமாகத் தோன்றுகிறது. அடுத்த வாரம் நீ பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாய். கிளம்பும் முன் வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வதாக அப்பாவிடம் சொன்னாயாம். நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்காமல் இருப்பதைப் பார்த்து, "புள்ள ஊருக்குப் போறான், இப்பப் போயி என்ன கோவம் உனுக்கு" என்று அவர் என்னையே சுற்றிச் சுற்றி வருகிறார். அவருடைய கோபம் சாப்பாட்டுத் தட்டு வந்ததும் தீர்ந்துவிடும் கோபம். என்னுடையது அப்படியில்லை என்பது உனக்குத் தெரியும்.

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நீ செய்ததை மேடையில், மைக் முன்னால் நின்று, கைதட்டலுக்கு நடுவே சொன்னாய். அதனால் பதிலையும் நாலு பேர் படிக்கும்படி ஒரு சிறு பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் அஞ்சலையிடம் கேட்டேன். "எழுதுங்க்கா, எம்பேரு, எம்பொண்ணு பேரு மட்டும் மாத்திப் போடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். உன் பெயரை எழுதவே இல்லை. உனக்கு யார் யாரென்று தெரியும், படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒருத்தியின் கதையைச் சொல்வதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாயா? அவள் ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்தான்.

படிப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சலை எங்கள் பக்கத்து உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள் கஸ்தூரி. அந்த மகள் இன்று எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட அஞ்சலைக்குத் தெரியாது. அதற்குக் காரணம் என் மகன். அவன் கெட்டவன் அல்ல, படித்தவன். அவன் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிப் பேசி என் வாய் தேய்ந்திருக்கிறது.

2004 கடைசியில் கடல் உள்ளே வந்ததே, அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் நம் ஊருக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஒலிபெருக்கியும் கொடுத்தது. உப்புக் கிடங்குக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்து கம்ப்யூட்டர் மையமாக்கினோம். கம்ப்யூட்டர் படிக்கிற பையன் நீ ஒருத்தன்தான் என்பதால் சாவி உன்னிடம் வந்தது. அப்போது உப்புப் பாத்தியெல்லாம் சேறு மூடிக் கிடந்தது, யாருக்கும் வேலையில்லை, பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். போன் பேசக் காசு ஆகும், மின்னஞ்சலுக்கு மையத்தில் காசு கிடையாது. ஒவ்வொருவராக வந்து உன் முன்னால் நின்றார்கள். நீ எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் பெட்டி திறந்து கொடுத்தாய். அப்போது திரையில் நீளமாக இங்கிலீஷில் ஏதோ வந்தது. கடைசியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். ஊர் மொத்தத்துக்கும் நீயே அதை அழுத்தினாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பாஸ்வேர்டு என்றால் என்னவென்று நீ சொல்லிக் கொடுத்தது எங்களுக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஞ்சலை தன் ஆட்டின் பெயரையே வைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கருப்பி போட்டுத் தொறப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். உள்ளே வரிசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அப்படிச் சொல்லக் கூடாது என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். எங்களுக்கு அதில் என்ன ஆபத்து என்று விளங்கவில்லை. ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு சாம்பல் கோடுதான்.

நீ அந்த மண்ணில் வளர்ந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் உப்பளத்தில் உப்பை வாரி வரப்பு மேல் அம்பாரமாகக் குவித்துவிட்டுப் போய்விடுவோம். காவலும் கிடையாது, வேலியும் கிடையாது. சாயங்காலம் கிளம்பும்போது உடையவரோ அவர் கூலியாளோ ஒரு பிடி சாம்பலை எடுத்து அம்பாரத்தைச் சுற்றி ஒரு கோடாகத் தூவுவார். அவ்வளவுதான் பூட்டு. ஒரு கூடை உப்பை எடுத்தாலும் கோடு கலைந்துவிடும், காலையில் வருகிறவருக்குத் தெரிந்துவிடும். கோடு யாரையும் தடுக்காது, ஆடு வந்தாலே கலைத்துவிடும். ஆனால் கை வைத்தால் தெரிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் கை வைப்பதில்லை. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வாட்டம் உண்டு. உன் அப்பா தூவினால் கோடு பட்டையாக விழும், அஞ்சலை தூவினால் நூல் மாதிரி போகும்.

கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அஞ்சலைதான். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கண் தெரியும். படிக்காத கடிதம் திரையில் தடித்த கறுப்பாக இருக்கிறது, படித்ததும் மெலிந்துவிடுகிறது என்று அவளாகவே பார்த்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "கறுப்பா இருக்குதா" என்று எட்டிப் பார்ப்பாள். கறுப்பாக இருந்தால் கோடு கலையவில்லை, யாரும் கை வைக்கவில்லை. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பாஸ்வேர்டை ஊருக்கே சொன்னால்தான் என்ன? எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அது முட்டாள்தனம் என்று இன்று சொல்லலாம். எனக்கு அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை, நாங்கள் ஒருவரையொருவர் நம்பிப் பழகிய விதம் அது.

பிறகு அந்த வதந்தி வந்தது. யாரோ ஒருவர், சொந்தக்காரர் போனில் சொன்னார் என்று மையத்துக்குள் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, கடல் மறுபடியும் வருகிறது என்று கத்திவிட்டார். ஊரே ரோட்டுக்கு ஓடியது. கடல் வரவில்லை. ஓடிய ஓட்டத்தில் அஞ்சலை வரப்பில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கு முன்னால் கூட்டம் போட்டோம். நீதான் பேசினாய், நன்றாகப் பேசினாய். ஆளாளுக்கு மைக்கை எடுத்தால் இப்படித்தான் ஆகும், எல்லோரும் தங்கள் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு கையில் ஒப்படைக்க வேண்டும், அந்தக் கை எல்லோரையும் காப்பாற்ற வேண்டும், இதற்கு சமூக ஒப்பந்தம் என்று பெயர், இணையவெளிக்கும் நாளைக்கு இதுதான் வேண்டியிருக்கும் என்றாய். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். பெயர் புதிதே தவிர விஷயம் புதிதல்ல. கால்வாய் மடையைத் திறப்பது ஒருத்தர் வேலை என்று நாங்கள் எப்போதோ பேசி வைத்ததுதானே.

கட்டுப்பாடு என்ன என்பதையும் அன்று பேசினோம். மைக்கில் ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் துறைமுக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகு நீ மட்டும் சொல்ல வேண்டும். பெட்டிகளின் பாஸ்வேர்டு உன்னிடமே இருக்கட்டும், ஆனால் உடையவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். எல்லோரும் சரி என்று எழுந்திருக்கப் போன நேரத்தில், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை கேட்டாள். "எல்லாத்தையும் அவன் கையில குடுத்துட்டோம், அவன யாரு பாத்துக்கறது?" கூட்டம் சிரித்தது. உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பெற்ற மனசு தாங்கவில்லை. "நான் பாத்துக்கறேன் அஞ்சலை, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அக்கா சொன்னா சரி" என்று எழுந்து போனாள். நீ கொடுத்த வாக்கை மட்டும் நீ உடைக்கவில்லை, நான் கொடுத்ததையும் சேர்த்து உடைத்தாய்.

கஸ்தூரியின் கல்யாணத்துக்கு நீதான் பந்தி பரிமாறினாய். திண்டிவனம் பக்கம் லாரி ஓட்டுகிறவன், உப்பு ஏற்ற வந்த இடத்தில் பார்த்துப் பெண் கேட்டான். கட்டிக்கொண்டு போன பிறகு அவன் அவளை அடித்த அடி ஊருக்கே தெரியும். பல் உடைந்து ஒருமுறை வந்தாள், சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினோம். மறுமுறை அவள் இங்கே வரவில்லை, யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய்விட்டாள். ஒரு தையல் கம்பெனியில் வேலை, ஒரு பெண்கள் விடுதியில் இடம். அங்கிருந்து தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அம்மாவுக்குக் கடிதம் போட ஆரம்பித்தாள். ரொம்ப நாள் எந்த இடம் என்று எழுதவே இல்லை. ஒருநாள், அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று விடுதியின் விலாசத்தை எழுதினாள்.

நீ அந்தக் கடிதத்தை ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சலைக்குப் படித்துக் காட்டினாய். அவள் எட்டிப் பார்த்து, கறுப்பாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் நீ திறந்தாய். விலாசத்தைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். நேராக என்னிடம் வந்து, தீபாவளிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்றாள், விலாசத்தை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வாரமே அவள் புருஷன் விடுதி வாசலில் போய் நின்றான். தெருவில் வைத்து முடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். விடுதிக்காரர்கள் வம்பு வேண்டாம் என்று அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அவன் கம்பெனி வாசலுக்கும் வந்து நின்றதால் வேலையும் போயிற்று. அதன் பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. 'அம்மா, உன்னைத் தவிர யாருக்கும் எழுதவில்லை. நீ யாரிடம் சொன்னாய்?' அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

அந்தக் கடிதத்தையும் நீதான் படித்துக் காட்டினாய். நான் அப்போது வாசல் பக்கம் இருந்தேன். அஞ்சலை, நான் யாரிடமும் சொல்லவில்லை என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள், திரையைப் பார்த்துச் சொன்னாள், மகளே அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் அவளைத்தான் திட்டினேன். சந்தோஷத்தில் யாரிடமாவது உளறியிருப்பாய், உன் வாயே உன் மகளுக்கு எமனாகிவிட்டது என்றேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக் கணக்கில் அந்தப் பழியை அவள் சுமந்தாள். கூலிக்குப் போகிற இடத்தில் மற்றப் பெண்கள் அவள் காதுபட ரகசியம் பேசுவதை நிறுத்தினார்கள். எனக்கு நானே வெட்கப்படுகிறேன். ஆனால் என்னை அப்படிப் பேச விட்டவன் நீ.

இந்த வருஷம் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'இணையவெளியும் சமூக ஒப்பந்தமும்' என்பது தலைப்பு. என்னை மட்டும்தான் வரச் சொன்னாய். நான் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மகளை நினைத்து வீட்டிலேயே கிடக்கிறாள், உன்னைப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். கஸ்தூரி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் இடம் இல்லை, பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்தோம். அதனால் நீ அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த உதாரணத்தைச் சொல்லியிருக்க மாட்டாய், வேறு ஒன்றைச் சொல்லியிருப்பாய். கடைசி வரை எனக்கும் தெரியாமல் போயிருக்கும்.

முதலில் அந்தக் காலத்து இரண்டு மேல்நாட்டு அறிஞர்களைப் பற்றிச் சொன்னாய். ஒருவர், ஆள்பவன் இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் அடித்துத் தின்றுவிடுவோம், அதனால் எல்லா அதிகாரத்தையும் ஒருவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றாராம். இன்னொருவர், அதிகாரம் நம்பி ஒப்படைத்த பொருள், நம்பிக்கை உடைந்தால் அது கொடுத்தவர்களிடமே திரும்பிவிடும் என்றாராம். முதலாமவரைப் பற்றி ஆசையாக நிறையப் பேசினாய், இரண்டாமவரை ஒரே வரியில் தாண்டினாய். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. உதாரணத்துக்கு வந்தாய். 'ஓர் உப்பளக் கிராமம். மனைவியைக் காணாமல் தவிக்கும் ஒரு கணவன். மையத்தின் பொறுப்பாளர் விதியைச் சற்றுத் தளர்த்தி ஒரு மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார். உடனே அந்தப் பெண் கிடைத்துவிடுகிறாள். பாதுகாப்புக்காக அந்தரங்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம்.' கைதட்டினார்கள். நானும் தட்டுவதற்குக் கையை எடுத்தேன். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தாள். முறிந்து சேர்ந்த அந்தக் கையால்தான் பிடித்தாள்.

உனக்குச் சால்வை போடுவதற்கு முன்பே நாங்கள் வெளியே வந்துவிட்டோம். பஸ் பெரிய முதலியார்சாவடியைத் தாண்டியது. பொம்மையார்பாளையம் வந்தபோது, அஞ்சலை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு 'நீ யார்கிட்ட சொன்ன'ன்னு படிச்சுக் காமிச்சானேக்கா, அப்ப அவன் குரல் கொஞ்சங்கூட நடுங்கலியே."

அவ்வளவுதான். மரக்காணத்தில் இறங்கினோம். நீ என்ன செய்தாய் என்பதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உன் குரலை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தால் 'அம்மா' என்று நீ கூப்பிடும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை.

அன்றே நீ போன் செய்தாய், அந்த ஒரு தடவை எடுத்தேன். நாங்கள் எழுந்து போனதைக் கண்டிருக்கிறாய். மறுக்கவில்லை, அதற்கு ஒரு கும்பிடு. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை கஸ்தூரியின் புருஷன் வந்தான், நீ பெட்டியைத் திறந்தாய், விலாசத்தைக் கொடுத்தாய், கடிதத்தைப் படிக்காதது மாதிரி திரும்பக் கறுப்பாக்கி வைத்தாய், திங்கட்கிழமை அஞ்சலைக்குப் புதிதாகத் திறப்பதுபோல் திறந்து காட்டினாய். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, "அவன் அழுதுகினு வந்தாம்மா. பொண்டாட்டியக் காணோம்னு அழறவன்கிட்ட தெரியாதுன்னு எப்டிம்மா சொல்றது?" என்றாய். எப்படிச் சொல்வதா? அவ அம்மாவக் கேட்டுட்டு வான்னு சொல்லியிருக்கலாம். அஞ்சலையின் குடிசை மையத்திலிருந்து கூப்பிடு தூரம். நீ குரல் கொடுத்திருந்தால் ஈரக் கையோடு ஓடி வந்திருப்பாள். அடித்தவனின் கண்ணீரை நம்பினாய், அடி வாங்கியவளின் அம்மாவைக் கூப்பிட உனக்குத் தோன்றவில்லை. நீ சொன்ன ஒப்பந்தத்தில் கஸ்தூரி எங்கே கையெழுத்துப் போட்டாள்? விட்டுக்கொடுத்தவள் அவள், பாதுகாப்பு கிடைத்தது அவனுக்கு. இது எந்த ஊர் ஒப்பந்தம்?

இன்னும் கேள். நீ பெட்டியைத் திறந்ததைக்கூட ஒருநாள் என் மனசு தாண்டிப் போய்விடும். இளகிய மனசு, அவசர புத்தி, வயசு என்று ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்துகொள்வேன். நீ கறுப்பாக்கி வைத்தாயே, அதைத் தாண்ட என்னால் முடியவில்லை. நம் உப்பளத்தில் உப்பு எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவசரத்துக்கு எடுத்தேன் என்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள், மறுநாள் அதே கடையில் டீ குடிப்போம். ஆனால் வடக்குப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர், எடுத்துவிட்டு, பக்கத்து அம்பாரத்துக்காரர் கை வாட்டத்திலேயே சாம்பலைத் தூவி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அவர் எடுத்தது இரண்டு கூடைதான். அதற்குப் பிறகு யாரும் அவரோடு பேசவில்லை, அவர் வரப்பில் நடக்கவில்லை, அந்த வருஷமே குத்தகையை விட்டுவிட்டுப் போனார். எடுத்தவன் ஒருத்தருடைய உப்பைத்தான் எடுக்கிறான். கோட்டைத் திரும்பப் போட்டவன், அதன் பிறகு எந்தக் கோட்டையும் யாரும் நம்ப முடியாதபடி செய்துவிடுகிறான்.

நீ செய்தது சரி என்று உனக்கே நம்பிக்கை இருந்திருந்தால், திங்கட்கிழமை அஞ்சலை வந்து உட்கார்ந்ததும், உங்க மருமகன் வந்தாரு, நான் தொறந்து பாத்து விலாசத்தக் குடுத்துட்டேன் என்று சொல்லியிருப்பாய். அவள் உன்னை அடித்திருப்பாள். ஆனால் விடுதிக்கு ஒரு போன் போயிருக்கும், கஸ்தூரி அவன் வருவதற்குள் வேறு இடம் பார்த்திருப்பாள், இன்றைக்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள். அந்தக் கறுப்புதான் அவளைத் தொலைத்தது. நாளைக்குப் பெங்களூரில் ஒரு ஊரின் பெட்டிகள் அல்ல, பல ஊர்களின் பெட்டிகள் உன் கையில் இருக்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்கிறார். பாதுகாப்பு வேலையாம். அங்கே நீங்கள் என்னென்ன பூட்டு போடுவீர்களோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பூட்டு வைத்திருப்பவன் கை வைத்தால் அதுவும் தெரிய வேண்டும், உடையவளுக்குத் தெரிய வேண்டும், அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் தெரிய வேண்டும். அது இல்லாமல் நீங்கள் இணையவெளிக்கு எழுதுகிற எந்த ஒப்பந்தமும், இங்கிலீஷில் நீளமாக எழுதி அடியில் நீயே அழுத்திக்கொண்ட அந்தச் சம்மதப் பொத்தான் மாதிரிதான்.

ஊரில் மறுபடியும் கூட்டம் போட்டோம். நான்தான் எழுந்து சொன்னேன், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நீ ஒரே வரியில் தாண்டிப் போனாயே, அந்த இரண்டாவது அறிஞர் சொன்னபடி நடந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டோம். மையத்தில் இனி எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்வார்கள். அஞ்சலை அதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டாள், ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துகிறாள். அவள் அழுத்தி முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பேன். கருப்பி இல்லை என்பது மட்டும் தெரியும்.

கஸ்தூரியின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புகிற கடிதம் திரும்பி வருவதில்லை. எங்கோ இருந்து அவள் படிக்கிறாள் என்றுதான் அஞ்சலை நம்புகிறாள். நான் எழுதிப் போடுகிறேன் என்றேன், என் மகன்தான் சொன்னான், உன் அம்மா அல்ல என்று. அஞ்சலை வேண்டாம் என்றாள். தன் அம்மாவைக் காப்பாற்ற ஊரில் யாரோ கதை கட்டுகிறார்கள் என்று அவள் நினைப்பாள், செய்தவனே எழுதினால்தான் நம்புவாள் என்றாள். அவள் சொல்வது சரி. உன் மேல் போலீசுக்குப் போகலாமே என்று சிலர் சொன்னபோதும் அவள் சொன்னது இதுதான். "எனுக்கு அவன் மன்னிப்பெல்லாம் வேணாங்க்கா. நான் சொல்லலன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்."

அதனால் வா. ஆசீர்வாதத்துக்கு வீட்டுக்கு வராதே, மையத்துக்கு வா, பகலில் வா. அஞ்சலை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உன் பெட்டியிலிருந்து, உன் பெயரில், கஸ்தூரிக்கு எழுது. எழுதியதை அஞ்சலைக்குப் படித்துக் காட்டு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் ஊர் முன்னால் சொன்னேன். தாமதமாகத்தான் பார்க்கிறேன், ஆனால் பார்க்கிறேன்.

நேற்று எனக்கு உன்னிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. தடித்த கறுப்பில் இருக்கிறது. திறந்து படித்துவிட்டுத் திரும்பக் கறுப்பாக்குவது எப்படி என்று மையத்தில் இப்போது உட்காருகிற பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சின்ன வேலைதான். நினைத்தால் இப்போதே படித்துவிடலாம், உனக்குத் தெரியவே தெரியாது. நான் திறக்கவில்லை. நீ வந்து, கஸ்தூரிக்கு எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகு, உன் கண் முன்னால் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்காக ஊர் முன்னால் பொறுப்பேற்றவள்